மஞ்சள் வட்டத்துக்குள் பேசியது கணக்கில்லை

ஊஞ்சவலசுக்காரர்களுக்கு எதை வேண்டுமானாலும் மன்னிக்கத் தெரியும், விசேஷ வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லாததை மட்டும் மன்னிக்கத் தெரியாது. வரப்பை வெட்டித் தன் பக்கம் தள்ளிக்கொண்டவனோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிப்பார்கள், உதைக்கிற மாட்டைச் சாது என்று சொல்லி விற்றவன் வீட்டிலேயே பெண்ணும் எடுப்பார்கள், ஆனால் அந்த வார்த்தை தனித்தனியாக, முகத்தைப் பார்த்து, புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று, இடுப்பில் இருக்கிற குழந்தைக்குக்கூட ஒன்று என்று வந்தாக வேண்டும். கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டால் அது யாருக்கும் சேராது. வார்த்தை கிடைக்காதவர் சண்டை போடமாட்டார், கத்தமாட்டார், செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிப் போய்விடுவார், அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் புல் முளைத்துவிடும்.

தமயந்திக்கும் அவள் அண்ணன் நாச்சிமுத்துக்கும் நடுவில் அப்படித்தான் முளைத்தது. அவள் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சின அன்று அடுப்பு புகைந்துகொண்டிருந்தது, பால் பொங்குகிற சமயத்தில் நெருப்பு அணைகிற மாதிரி ஆயிற்று, அந்த நேரம் பார்த்து அண்ணன் சீர்த்தட்டோடு வாசலில் வந்து நின்றார். அவள் நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள், பார்த்துவிட்டு, "அந்த வெறகக் கொஞ்சம் உள்ள தள்ளுங்க" என்று யாரிடமோ சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். கண்ணில் புகை. அவள் பார்த்தது அண்ணன் என்று அவளுக்கே தெரியாது. தட்டைச் சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டுப் போன நாச்சிமுத்து அதன் பிறகு தங்கச்சியோடு பேசவில்லை, அவள் போய்ப் பேசியபோதெல்லாம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார், அந்த வருஷங்களில் அவர் மாடுகள் குடித்த தண்ணீருக்கு அளவே கிடையாது.

இந்தத் தமயந்தி பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். படிப்பு பெட்டியில் கிடக்க, ஊர் மண்டபத்தில் புக்கிங் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மண்டபத்து ஆபீசில் உட்கார்ந்து ஈயப்பற்று வைப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு, மற்ற பெண்கள் ஸ்வெட்டர் பின்னுகிற மாதிரி அவள் ஒயர் பின்னுவாள். அப்படி ஒயர் பின்னிப் பின்னி, முறுக்குச் சம்படத்தைத் தலையாகவும், சைக்கிள் பின்னால் மின்னுகிற சிவப்பு வில்லைகளைக் கண்ணாகவும், வயிற்றில் ஸ்பீக்கரும் காதுக்குள் மைக்குமாக இடுப்பளவு உயரத்தில் ஒரு ரோபோ செய்து, அதன் கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்து மண்டபத்து வாசலில் நிறுத்தினாள். ஊர் அதைப் பொம்மை என்றது. வருகிற ஒருவரையும் விடாமல், முகத்தைப் பார்த்து, தனித்தனியாக "வாங்க" சொல்வதுதான் அதன் வேலை. எதற்காக அதைச் செய்தாள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை.

பொம்மைக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது லேப்டாப்பில் இருக்கிற ஒரு சாஃப்ட்வேர். திறந்தால் இரண்டு பத்தி வரும். வருகிறவர் என்ன சொல்வார் என்பதை இடது பக்கம் எழுத வேண்டும், அதற்குப் பொம்மை என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை வலது பக்கம் எழுத வேண்டும். இடது பக்கத்தில் இருக்கிற வாக்கியத்தை யாராவது சொன்னால்தான் பொம்மை வலது பக்கத்துப் பதிலைச் சொல்லும். ஆனால் ஊஞ்சவலசில் யார் எழுதினதைப் பேசுகிறார்கள்? "கல்யாண ஏற்பாடு நல்லா இருக்குதுங்க" என்று அவள் இடது பக்கத்தில் எழுதி வைத்தால், வருகிறவர் "பஸ்ஸே கெடைக்கலீங்க" என்பார், அடுத்தவர் "ஏனுங், பாத்ரூம் எந்தப் பக்கம்" என்பார், பொம்மை சிவப்புக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ஊமையாக நிற்கும். தமயந்தி ஒரே வாக்கியத்தை இப்படியும் அப்படியுமாக மாற்றி மாற்றி எழுதினாள், எழுதி எழுதி விரல் ஓய்ந்தாள். ஐப்பசி முகூர்த்தம் ஒன்றில், பொம்மைதான் காத்துக் காத்து அலுத்ததோ, அவள் எழுதின எழுத்துக்குத்தான் கனம் கூடிப்போயிற்றோ, வந்தவர்கள் எழுதினபடியே பேச ஆரம்பித்தார்கள்.

முதல் ஆள் உரக்கடைக்காரர். பொம்மை "வாங்க" என்றது, அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே "கல்யாண ஏற்பாடு நல்லா இருக்குதுங்க" என்றார், பொம்மை "உங்க ஆசீர்வாதமுங்க" என்று பன்னீர் தெளித்தது. அவருக்குப் பின்னால் வந்த சம்சாரமும் அதையே சொன்னாள், அதற்குப் பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள், பந்தலே பார்க்காதவரும் சொன்னார், பந்தல் சரிந்து தலையில் முட்டினவரும் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். சொன்ன பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீயும் அதத்தான் சொன்னியா?" "ஆமா, தானா வந்துருச்சு." "எனக்கும்." அவ்வளவுதான், பந்திக்குப் போய்விட்டார்கள், அன்றைக்கு ஜிலேபி.

பயப்பட்டிருக்க வேண்டாமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். விசேஷ வீட்டில் என்ன பேசுவது என்று யோசிக்கிற சிரமம் போனதில் எங்களுக்கு நிம்மதிதான். யாரோடும் ரெண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியறியாத டியூசன் வாத்தியார் ஒருத்தர் அழைப்பே இல்லாத கல்யாணத்துக்கெல்லாம் வர ஆரம்பித்தார், பொம்மை முன்னால் நின்று ஒரு முழு வாக்கியம் பேசுவார், அதற்கு ஒரு முழுப் பதில் வாங்கிக்கொள்வார், வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே சாப்பிடாமல் போய்விடுவார். சமையல் மாஸ்டர் தமயந்தியிடம் வந்து, "அம்மிணி, ரசம் பிரமாதம்னு ஒரு வரி போட்டுடுங்க" என்று கெஞ்சினார், போட்டாள், அன்றிலிருந்து ரசத்தை வாயில் வைக்காமலே பிரமாதம் என்றார்கள், மாஸ்டர் ரசத்தைக் கவனிப்பதையே விட்டுவிட்டார். எதிரெதிர்க் கட்சிச் செயலாளர்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாசலில் மாட்டி, "நீங்க சொல்றது ரொம்பச் சரிங்க" என்று ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு, யாராவது வந்து இழுத்துவிடும் வரை நகர முடியாமல் நின்றார்கள்.

சிக்கல் வராமல் இல்லை. ஒரு தாயார் தன் மகளைப் பொம்மைக்கு முன்னால் நிறுத்தி "மாப்பிள்ளை எனக்குப் புடிச்சிருக்குதுங்க" என்று சொல்ல வைத்துப் பாக்கு வெற்றிலை மாற்றப் பார்த்தபோதுதான், கோயில் கமிட்டியார் டீக்கடையில் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பொம்மையைச் சுற்றி மஞ்சள் பெயிண்டில் ஒரு வட்டம் போடப்பட்டது. வட்டத்துக்குள் பேசியது கணக்கில்லை, வெளியே வந்து பேசியதுதான் பேச்சு. அந்தப் பெண் ஒரு காலை வெளியே வைத்து, "எனக்கு அந்த ஆளப் பாத்தாலே ஆவாது" என்றாள், காரியம் அத்தோடு முடிந்தது. கொஞ்ச நாளில் ஊர்ப் பேச்சிலும் அது ஏறிவிட்டது. யாராவது தேன் ஒழுகப் பேசினால், "ஏனப்பா, வட்டத்துக்குள்ள நிக்கறியா?" என்று கேட்டார்கள்.

இன்னொரு விஷயத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. சொல்லாமல் விட்ட குறைகள் எங்கே போகும்? தாடையில் போய்க் கட்டிக்கொண்டன. கல்யாணத்துக்குப் போய்வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், பல் டாக்டர் பார்த்துவிட்டுப் பல்லில் ஒன்றும் இல்லை என்றார். மண்டபத்துப் பின்வாசலில் எச்சில் இலை கொட்டுகிற இடத்துக்குப் போய் நின்று, "சோறா அது, களி! பொண்ணுக்கு மூக்குத்தி எடுத்தாங்களாம், கண்ணாடி போட்டுத் தேடோணும்" என்று கொட்டித் தீர்த்தால் வலி விட்டது. பிறகென்ன, முன்வாசலில் சந்தனமும் பின்வாசலில் உண்மையுமாக ஊர் பழகிக்கொண்டது, பின்வாசலில் ஒருத்தர் சுக்குக்காப்பிக் கடையே போட்டுவிட்டார்.

நாச்சிமுத்து எந்தக் கல்யாணத்துக்கு வந்தாலும் அந்தப் பின்வாசல் வழியாகத்தான் வருவார். தங்கச்சி நிற்கிற வாசல் அவருக்கு வேண்டாம். தமயந்தி அதை ஒவ்வொரு கல்யாணத்திலும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் உள்ளவர் வாயெல்லாம் அவள் விரலுக்கடியில் இருக்கிறது, ஒரே ஒரு வாயிலிருந்து வர வேண்டிய ஒரே ஒரு வார்த்தைக்காக அவள் ஏங்கிக்கொண்டிருக்கிறாள், அப்படிப்பட்டவள் எத்தனை நாளைக்குத்தான் கையைக் கட்டிக்கொண்டிருப்பாள்? சித்தப்பா மகன் கல்யாணத்தன்று பின்வாசலைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். இடது பக்கத்தில் இருந்த எல்லா வரியையும் அழித்துவிட்டு ஒன்றே ஒன்றை எழுதினாள். அண்ணனுக்கு முன்னால் வந்தவர்களும் அதையே சொல்லிவிட்டு, அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பந்திக்குப் போனார்கள்.

நாச்சிமுத்து பின்வாசலுக்குப் போனார், பூட்டைப் பார்த்தார், சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். பொம்மை "வாங்க" என்றது. அவர் நின்றார். அவருடைய கட்டைக்குரலில், ஊரே கேட்க, "தமயந்தி மேல எனக்கு ஒரு கோவமும் இல்லைங்க" என்றார்.

"ரொம்பச் சந்தோசமுங்க," என்று பொம்மை பன்னீர் தெளித்தது.

தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த தமயந்திக்குச் சந்தோசம் வரவில்லை. குரல் அண்ணனுடையதுதான், ஆனால் வந்த வாக்கியம் காலையில் காபி குடித்துக்கொண்டே அவள் அடித்தது. முதலில் 'வருத்தம்' என்று எழுதி, பிறகு அதை அழித்துவிட்டு 'கோவம்' என்று மாற்றியது வரைக்கும் அவளுக்கு ஞாபகமிருந்தது. தனக்குத் தானே பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டவள் போல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நாச்சிமுத்து வட்டத்தைத் தாண்டி வெளியே வந்தார். சோற்றில் மயிர் கடித்தவர் மாதிரி துண்டால் வாயை அழுத்தித் துடைத்தார். பல வருஷத்துக்கப்புறம் தங்கச்சியை நேராகப் பார்த்துப் பேசினார்.

"என்ற வாய்க்குள்ள கைய உடாத."

அவ்வளவுதான் சொன்னார், சாப்பிடாமல் போய்விட்டார். அன்று ராத்திரியே அவள் பழைய வரிகளைத் திரும்ப எழுதி அந்த வரியை அழித்தாள், ஆனால் அவர் வாயைத் துடைத்ததை என்ன செய்தும் அழிக்க முடியவில்லை.

இந்த நிலைமையில்தான் தமயந்தியின் மகள் நிவேதிதாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. எங்கள் பக்கம் தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண் மணவறைக்குப் போகமாட்டாள். பெற்ற தகப்பன் இல்லாமல்கூட நடக்கும், தாய்மாமன் இல்லாமல் நடக்காது. தமயந்தி தட்டு நிறையப் பழமும் மேலே பத்திரிகையும் வைத்து எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி வாங்க என்று சொல்லிச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அண்ணன் கட்டுத்தரையில் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, நம்ம புள்ளைக்கிக் கல்யாணமுங்க."

அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பொம்மை நிக்குமா வாசல்ல?"

தமயந்தி தட்டைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"அது நின்னா நான் எந்த வாயோட வர்றது? எனக்குக் கோவம் இருந்தாலும் அது என்ற கோவம். சிரிச்சாலும் என்ற சிரிப்பா இருக்கோணும்."

"எடுத்துட்டா வருவீங்களாண்ணா?"

"அத இப்பவே சொன்னா, அதயும் நீ சொல்ல வெச்ச மாதிரி ஆயிரும்," என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு தொட்டிக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து, பொம்மையை எடுத்துவிடலாம் என்று புருஷன் தெய்வசிகாமணியிடம் சொன்னாள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏம்புள்ள, உனக்குப் புத்தி பெரண்டுபோச்சா? மாப்பிள்ளையோட அத்தை ராமாத்தா வருது. அந்தம்மா வாயத் தாங்கறதுக்கு இந்தப் பொம்மைய உட்டா நமக்கு யாரு இருக்கறாங்க?"

அவர் சொன்னது நியாயம்தான். ராமாத்தாள் போன கல்யாணங்களில் மாலை வாடியது, மேளக்காரர் அழுதது, ஒருமுறை பந்தியில் பாதிப்பேர் எழுந்துபோனது எல்லாம் நடந்த கதை. பொம்மை இருக்கிற மண்டபம் என்றுதான் மாப்பிள்ளை வீட்டார் ஊஞ்சவலசுக்கே சம்மதித்தார்கள். பொம்மை இருந்தால் ராமாத்தாள் சந்தனம் பூசிக்கொண்டு நல்ல வார்த்தை பேசுவாள், அண்ணன் வரமாட்டார். பொம்மையை எடுத்தால் ராமாத்தாள் கல்யாணத்தையே கரைத்துவிடலாம், அண்ணனும் வருவார் என்று நிச்சயமில்லை. நிவேதிதா மட்டும், "அம்மா, மாமன் வரலைன்னா எனக்குப் பட்டமே வேண்டாம், ஆனா அவரு வாய்ல எழுதிக் கூப்பிடாதீங்க" என்றாள்.

முகூர்த்தத்தன்று விடிந்ததும் தமயந்தி பொம்மையின் முதுகைத் திறந்து பேட்டரியைக் கழற்றினாள், பொம்மையைத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார வைத்தாள், பன்னீர்ச் செம்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டு மஞ்சள் வட்டத்துக்குள் போய் நின்றாள்.

முதலில் வந்த உரக்கடைக்காரர், அவள் "வாங்கண்ணா" என்றதும் வாக்கியம் வரும் என்று வாயைத் திறந்தபடி நின்றார். வரவில்லை. ஊருக்கே விசேஷ வீட்டில் பேசுவது மறந்துபோயிருந்தது. சிலர் மூக்கைச் சொறிந்தார்கள், சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். டியூசன் வாத்தியார் திகைத்துப்போய் நின்று, வியர்த்து, கடைசியில், "நான்... நான் சாப்பிட்டுட்டுப் போகட்டுங்களா?" என்று சொந்தமாகக் கேட்டுவிட்டு அந்தத் தைரியத்தில் பந்திக்கு ஓடினார். அப்புறம் ஒருத்தருக்கு வாய் திறந்தது, உடனே எல்லோருக்கும் திறந்தது. இத்தனை நாள் தாடையில் கட்டிக்கிடந்த அத்தனையும் வாசலிலேயே கொட்டியது. போன தை மாசத்துச் சாம்பார், அதற்கு முந்தின பந்தல், எப்போதோ வைக்காமல் விட்ட பழம், யாருக்கோ மாற்றிக் கொடுத்த தாம்பூலப் பை எல்லாம் வந்தன. மாஸ்டரைக் கூப்பிட்டு ரசத்தைப் பற்றி அவரிடமே சொன்னார்கள், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் மிளகு இடித்தார். தமயந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு "வாங்க" சொன்னாள், புகை இல்லாத கண்ணோடு, ஒருத்தரையும் விடாமல், சொல்லிக்கொண்டே நின்றாள்.

ராமாத்தாள் காரிலிருந்து இறங்கி வந்து வட்டத்துக்குள் நின்று, நல்ல வார்த்தை தானாக வரட்டும் என்று கண்ணை மூடிக் காத்தாள். வரவில்லை என்றதும் கண்ணைத் திறந்தாள். "ஏனுங் சம்பந்தி, பொம்மை எங்கீங்க? அது சரி, இந்தக் கோலத்த யாரு போட்டது, கோழி கெளறுன மாதிரி? மேளம் எங்க, தூங்குதா? வாழைமரம் கட்டியிருக்கறீங்க, தாரு பிஞ்சா இருக்குது..." அவள் பேசப் பேசத் தெய்வசிகாமணி தூணைப் பிடித்துக்கொண்டார். தமயந்தி குறுக்கே பேசாமல் முடிவு வரை கேட்டாள், கேட்டுவிட்டு, "வாங்க அத்தை" என்றாள். ராமாத்தாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவள் குறை சொல்லி முடிக்கும் வரை யாரும் அதுவரை நின்று கேட்டதே இல்லை போலிருக்கிறது. "கோலமாவு நல்ல வெள்ளைதான்," என்று முனகிக்கொண்டு உள்ளே போனாள்.

வெயில் ஏறியது, முகூர்த்த நேரம் நெருங்கியது, தமயந்தியின் குரல் கரகரத்தது, பிறகு தேய்ந்தது. அண்ணனைக் காணவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பஸ் ஒன்று வந்து இறங்கியது, அத்தனை பேருக்கும் சொல்லி முடித்தபோது அவள் தொண்டையில் காற்று மட்டும்தான் மிச்சமிருந்தது.

அப்போதுதான் நாச்சிமுத்து வந்தார். கையில் சீர்த்தட்டு, பின்னால் அண்ணி, அதற்குப் பின்னால் பட்டுச்சேலையும் பழமும் தூக்கிய உறவுக்காரக் கூட்டம். மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று பொம்மை இருந்த இடத்தைப் பார்த்தார், அங்கே நின்ற தங்கச்சியைப் பார்த்தார். காத்திருந்தார்.

தமயந்தி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தாள், உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் மட்டும் இல்லை. ஊர் முழுக்கச் சொல்லித் தீர்ந்த வார்த்தை, யாருக்குச் சொல்ல வேண்டுமென்று இத்தனையும் செய்தாளோ அவருக்கு இல்லாமல் போயிற்று. அவளுக்கு அழுகை வந்தது, அதற்கும் சத்தம் இல்லை. "பொம்மைய எடுத்தாங்கப்பா, அதாவது சொல்லட்டும்!" என்று யாரோ கத்த, தெய்வசிகாமணி ஸ்டோர் ரூமுக்கு ஓடப் பார்த்தார். தமயந்தி இரண்டு கையையும் விரித்து அவரைத் தடுத்தாள்.

நாச்சிமுத்து தட்டைக் கீழே வைக்கவில்லை, திரும்பவும் இல்லை. ஒரு காலை எடுத்து வட்டத்துக்குள் வைத்தார். நாக்கைச் சுழற்றிப் பார்த்தார், வாய் தன்னுடையதுதானா என்று சோதிக்கிறவர் போல. பிறகு வெடித்தார்.

"அறிவிருக்குதா உனக்கு? விடியக்காலத்துலருந்து தண்ணி குடிக்காம கத்தீட்டு நின்னா தொண்டை என்னத்துக்காவும்? ஒரு பனங்கல்கண்டு வாயில போட்டுக்கத் தெரியாது? புள்ளையக் கட்டிக் குடுக்கறவளுக்கு இது கூடவா நான் சொல்லோணும்? பந்தல்ல ஒரு ஃபேனு இல்ல, சனம் வேர்த்து ஒழுகுது, உன்ற ஊட்டுக்காரர் தூணக் கட்டிப் புடிச்சுட்டு நிக்கறாரு..."

எந்தப் பத்தியிலும் யாரும் எழுதாத பேச்சு. தமயந்தி இதை எழுதியிருக்க முடியாது, எழுதத் தோன்றியிருக்காது. ஒவ்வொரு வசவும் மேலே விழ விழ அவள் அழுதுகொண்டே சிரித்தாள், அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், உள்ளேயிருந்து ராமாத்தாள் எட்டிப் பார்த்து, யாருடா இது என்று மரியாதையோடு கேட்டாள்.

வாசலில் இன்னொரு வேன் வந்து நின்றது. சனம் இறங்கியது. தமயந்தி பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறக்கப் போனாள். நாச்சிமுத்து சீர்த்தட்டை அவள் கையில் திணித்தார், பன்னீர்ச் செம்பைப் பிடுங்கிக்கொண்டார், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வட்டத்தின் நடுவில் அவள் நின்ற இடத்தில் போய் நின்றார்.

"நீ போயிப் புள்ளைகிட்ட நில்லு. பட்டங்கட்டறதுக்குக் கூப்புடு, வர்றேன். அது வரைக்கும் வாசல நான் பாத்துக்கறேன்."